பல்பு மாற்றும் கை

நம் பக்கங்களில் ஒளி நிறையவே செலவாகியிருக்கிறது. இருள், வெளிச்சம் என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டால் புதுக்கவிதையில் பாதி நிற்காது என்று யாராவது சொன்னால் மறுப்பது சிரமம். இருளை அனுபவமாகவும் ஒளியைப் பிரக்ஞையாகவும் வைத்து எழுதப்பட்ட விமர்சனங்களில் என்னுடையவையும் உண்டு. ஆனால் இப்படி எழுதியவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக் கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, எரியாத ஒரு பல்பைக் கழற்றி வேறொன்றைத் தாங்களே மாட்டியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கேள்வி அற்பமானதாகப் படலாம். எனக்கும் அப்படித்தான் பட்டது, கோட்டுச்சேரிமேட்டில் ஒரு மாலைப்பொழுது வரை.

காரைக்கால் நகருக்கு வடக்கே, கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய மீனவர் ஊர் அது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்த ஊர்களில் ஒன்று. நண்பரின் வீடு அதன்பின் கட்டப்பட்டது. நான் போயிருந்தபோது நண்பர் கடலில் இருந்தார். அவருடைய தகப்பனாரும் நானும் மட்டும். பெரியவர் கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. வலை பழுது பார்ப்பார். கூடத்து பல்பு எரியவில்லை. வெளிச்சம் இல்லாமல் அவருக்கு வலைக்கண் தெரியவில்லை. கடையில் பல்பு வாங்கி வந்து, நானே மாற்றுகிறேன் என்று ஏறினேன். இதில் என்ன இருக்கிறது என்ற மெத்தனம் எனக்கு இருந்தது. சுவிட்சை அணைத்திருந்தேன், இரண்டு முறை பார்த்தும் கொண்டேன்.

உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும் ஊர். பல்பைத் திருகியபோது அதன் வெள்ளை உடல் மட்டும் கையோடு வந்துவிட்டது. மூடி ஹோல்டரிலேயே துருவோடு ஒட்டி நின்றது. இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வலது கை விரல்களால் மூடியைப் பிடுங்க முயன்றேன். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி விரலில் பட்டது. அதன்பின் நடந்தது ஒரு கணத்துக்கும் குறைவு. கை தானாக உதறிக்கொண்டது, ஸ்டூல் ஆடியது, கீழே பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்ததால் விழவில்லை.

சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

‘சுவிட்ச நிறுத்துனா வெளக்குதான் நிக்கும் தம்பி. கரண்டு நிக்குதா இல்லையான்னு அதுக்கு யாரு சொன்னா? மெயினை நிறுத்திட்டுல்ல ஏறணும்’ என்றார் பெரியவர். கோபமில்லை, கடலுக்குப் புதிதாக வந்த பையனிடம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல இன்னொன்றும் சொன்னார்: ‘அந்த பல்பு ராத்திரி அணைச்சப்புறமும் லேசா மினுக்கிக்கிட்டே இருக்கும். துடுப்பு படயில தண்ணி மினுக்குமே, அந்த மாதிரி. நல்லாத்தான இருக்குன்னு பார்த்துக்கிட்டிருந்தோம்.’

அந்த மினுக்கத்தில் விஷயம் முழுவதும் இருந்தது. வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று பேஸ், மற்றது நியூட்ரல். 230 வோல்ட் அழுத்தம் பேஸ் கம்பியில் இருக்கிறது. சுவிட்ச் அதைத்தான் துண்டிக்க வேண்டும். துண்டித்தால் ஹோல்டர் வெறும் பித்தளை. ஆனால் நியூட்ரல் கம்பியில் சுவிட்சை வைத்துவிட்டாலும் விளக்கு எரியும், அணையும். பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. சுற்று அறுந்திருப்பதால் விளக்கு அணைகிறது; மின்சாரமோ ஹோல்டர் வரை வந்து காத்திருக்கிறது. பழைய குண்டு பல்பு இதைக் காட்டிக்கொடுக்காது. எல்.இ.டி. பல்புக்கு மிகச் சொற்ப மின்னோட்டம் போதும். அதனால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும் வீடுகளில் அது சில சமயம் அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கும். மினுக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த வீட்டில் காரணம் இதுதான். ஓர் எச்சரிக்கை மாதக்கணக்கில் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அழகென்று பார்த்தார்கள். கவிதை எழுதுகிறவனாகிய நான் முன்பே பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

கோட்டுச்சேரிமேட்டு ஹோல்டர் எனக்குள் எழுப்பிய கேள்வி இது: ஒரு காரியத்தைத் தானே செய்வது என்றால் என்ன? ‘தானே’ என்ற சொல்லுக்கு நாம் ஒரு தார்மிகப் பெருமை கொடுத்து வைத்திருக்கிறோம். 1904-ல் ரஸ்கினைப் படித்த வேகத்தில் காந்தி டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் குடியிருப்பை அமைத்ததிலிருந்து, தன் வேலையைத் தன் கையால் செய்வது நம் சிந்தனையில் ஒரு நல்லொழுக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று ஸ்டூல்மேல் நின்ற நான் தனியாக இல்லை. என் விரல் போய்த் தொட்டது, என்றோ ஒருநாள் அந்தச் சுவரில் கம்பி இழுத்த யாரோ ஒருவருடைய கவனத்தை, அல்லது கவனக்குறைவை. அவசரமாக இருந்திருக்கலாம், கூலி குறைவாக இருந்திருக்கலாம், இரண்டு கம்பிகளும் ஒரே நிறத்தில் இருந்திருக்கலாம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு நான் யாரென்று தெரியாது. ஆனாலும் என் உயிர் சில கணங்கள் அவர் கையில் இருந்தது. தன்னந்தனியாகச் செய்வதாக நாம் நினைக்கும் வேலையில் எவ்வளவு பேர் ஏற்கனவே கை வைத்திருக்கிறார்கள் என்பது, அது தவறிப்போகும்போதுதான் தெரிகிறது.

ரால்ஃப் எல்லிசன் 1952-ல் வெளியிட்ட ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ நாவலின் நாயகனை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. வெள்ளையர் சமூகம் பார்க்க மறுக்கும் அந்தக் கறுப்பு மனிதன், நியூயார்க்கில் ஒரு நிலவறையில் 1,369 பல்புகளைத் தன் கையாலேயே மாட்டி எரியவிடுகிறான். தான் இருப்பதைத் தனக்கே நிரூபித்துக்கொள்ள அவனுக்கு அவ்வளவு வெளிச்சம் வேண்டியிருக்கிறது. தன் கையால் விளக்கு மாட்டுவது பற்றி நவீன இலக்கியம் தந்த பெரிய படிமம் இது. ஆனால் அவனும் மின்சாரத்தை ஒரு கம்பெனியின் கம்பியிலிருந்துதான் திருடுகிறான். அவன் சுதந்திரத்தின் மறுமுனை ஒரு மின்நிலையத்தில் இருக்கிறது. அங்கே உலையருகே நிற்பவர்களையும் யாரும் பார்ப்பதில்லை. எல்லிசனுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. படிமத்தின் கசப்பு அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் தொடாமலே இருந்துவிடலாமே, ஒயர்மேனைக் கூப்பிட்டால் போயிற்று என்று ஒரு வாதம் உண்டு. புத்திசாலித்தனமான வாதம்தான். ஆனால் நம் சமூகத்தில் ‘ஆளைக் கூப்பிடுவது’ என்பது எப்போதும் திறமைக்குத் தரும் மரியாதையாக இருந்ததில்லை. அழுக்கையும் ஆபத்தையும் இன்னொரு உடம்புக்கு மாற்றிவிட்டு அதை மறந்துவிடுவது இங்கே பழகிப்போன ஏற்பாடு. சாதி அதற்கு அஸ்திவாரம் போட்டது. மத்தியதர வாழ்க்கை அதன்மேல் வர்ணம் பூசிக்கொண்டது. ஒயர்மேனைக் கூப்பிடுகிறவர், சுவிட்ச் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று தெரியாமலே அவரை ஸ்டூலில் ஏற்றினால், என் விரல் பட்ட இடத்தில் அவர் விரலை வைக்கிறார், வேறொன்றும் மாறவில்லை.

தத்துவ ஆசிரியையாக இருந்த சிமோன் வெய்ல் 1934 டிசம்பரில் பாரீஸில் ஆல்ஸ்தோம் என்ற மின்பொறித் தொழிற்சாலையில் கூலியாளாகச் சேர்ந்தார். காரைக்கால் அன்று அதே பிரெஞ்சு அரசின் கீழ் இருந்தது. தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதற்கு முன் தொழிலாளியின் களைப்பு என்னவென்று தன் உடம்பில் அறிய வேண்டும் என்று அவர் கருதினார். அங்கே அவர் கண்டது களைப்பை மட்டுமல்ல. களைப்பு சிந்திக்கும் சக்தியையே அரித்துவிடுவதையும். கவனம் என்ற சொல் அவருடைய பிற்கால எழுத்தில் ஏறக்குறைய பிரார்த்தனையின் இடத்தைப் பெற்றதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். நம் விஷயத்தில் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது சிறியது: ஒரு வேலையை நாம் செய்கிறோமா, பிறர் செய்கிறாரா என்பது இரண்டாவது கேள்வி, அந்த வேலை ஒரு கையிடம் என்ன கேட்கிறது என்று நமக்குத் தெரியுமா என்பதே முதல் கேள்வி.

சட்டமும் இங்கே ஒரு கோடு போட்டிருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், கம்பி இழுக்கும் வேலைகளை உரிமம் பெற்றவர்களிடம் விட்டன. ஆனால் விளக்கு, பியூஸ், விசிறி, சுவிட்ச் முதலியவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்களித்தன. அமைப்பின் கொள்ளளவும் தன்மையும் மாறாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நியூட்ரலில் மட்டும் சுவிட்ச் வைக்கலாகாது என்பதும் அதே விதிகளில் இருந்தது. அந்த விதிகளின் இடத்தில் 2010-லும் 2023-லும் புதிய ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. ஆனால் பழைய கோட்டிலிருந்த விவேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. தன்மை மாறாமல் மாற்றுவது உன் உரிமை; தன்மையை மாற்றுவதற்கு மற்றவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும். சுயசார்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக நம் கட்டுரைகள் பேசியிருப்பதாகத் தெரியவில்லை.

பதில் சொல்லக் கடமைப்படுவது விளக்கின் விஷயத்தில் நமக்குப் புதியதும் அல்ல. பெரியபுராணத்தின் கணம்புல்லர், எரிக்கப் புல்லும் போதாமல் போனபோது தன் தலைமயிரையே திரியாக்கினார். நமிநந்தியடிகள் நெய் கிடைக்காமல் திருவாரூரில் தண்ணீரால் விளக்கெரித்தார். பக்தியின் உச்சங்கள் இவை. ஆனால் அன்றாட விளக்குகள் உச்சங்களால் எரிவதில்லை. எப்படி எரிந்தன என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படிக் கொடுக்கப்பட்ட ஆடுகளுக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் சூட்டும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாவதும் மூப்பதும் இல்லாத ஆடு உலகத்தில் இல்லை. செத்த ஆட்டின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்க வேண்டும். எண்ணிக்கை குறையக் கூடாது. அதுதான் அந்தப் பெயரின் அர்த்தம்.

அதாவது, அணையாத விளக்கு என்ற ஒன்று இல்லை. ஓயாமல் மாற்றப்படும் விளக்கு மட்டுமே உண்டு. நித்தியம் என்று கோயில் கண்டது, கொட்டிலில் ஓர் இடையர் எண்ணிக்கொண்டிருந்த கணக்கு. தஞ்சைக் கல்வெட்டில் அந்த இடையர்களின் பெயர்களும் இருக்கின்றன. தானம் கொடுத்தவர் பெயரை மட்டும் பொறித்து நிறுத்திவிடவில்லை. விளக்கு எரியாமல் போனால் யாரைக் கேட்பது என்பதும் கல்லில் இருக்கிறது. இதைக் கருணை என்று சொல்லிவிட முடியாது. தலைமுறைகளைக் கட்டிப்போடும் நிர்ப்பந்தம் அது. ஆனால் அதன் நிர்ப்பந்தத்தைத் தள்ளிய பிறகும் ஓர் உண்மை மிஞ்சுகிறது: வெளிச்சத்துக்குப் பின்னால் பெயருள்ள ஒருவர் இருந்தார்.

நவீன பல்பு இந்த இடத்தில்தான் நம்மைக் கைவிடுகிறது. 1924-ல் பெரிய பல்பு உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் பீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்துக்கொண்டார்கள். பல்பின் ஆயுள் 1000 மணி நேரம் என்று நிர்ணயித்தார்கள். அதற்குமுன் 1500 மணிக்கு மேலும் எரிந்த பல்புகள் இருந்தன. நிர்ணயித்ததைவிட நீண்ட நாள் எரியும் பல்பைச் செய்தவருக்கு அபராதமும் உண்டு. இறப்பு இங்கே இயற்கையாக இல்லை. கணக்குப் பார்த்து வைக்கப்பட்டது. ஆயினும் அந்த பல்பில் ஒரு நேர்மை இருந்தது என்று சொல்வேன். அது செத்ததை எல்லோரும் காணலாம்: அறுந்த இழை கண்ணாடிக்குள் தெரியும். காதருகே வைத்து ஆட்டினால் சத்தம் கேட்கும். குழந்தைகூட அதை மாற்றலாம்.

எல்.இ.டி.யைப் பழிப்பது என் நோக்கமில்லை. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்டில் தருகிறது அது. 2015-ல் உஜாலா திட்டம் வந்தபின் எளிய வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. புதுச்சேரியின் மின்கட்டணப் பட்டியலில் ‘ஒரு குடிசைக்கு ஒரு விளக்கு’ என்று தனிப்பிரிவே இருந்திருக்கிறது. ஒற்றை விளக்கில் ஒரு குடும்பமே வாழ்ந்தது என்பதன் ஆவணம் அந்தத் தலைப்பு. அப்படிப்பட்ட வீட்டுக்கு வாட் குறைவதன் பொருள் என்னவென்று நான் அறிவேன். என் சங்கடம் வேறு. இப்போது வரும் விளக்குகள் பலவற்றில் பல்பு வேறு, விளக்கு வேறு என்பதில்லை. கூரையோடு பதித்த ஒரே தகடு. உள்ளே சின்னஞ்சிறு விளக்குப் பொட்டுகள் சங்கிலிபோல் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கருகினால் வரிசை முழுவதும் அணையும். பெரும்பாலும் பொட்டுகள்கூடக் கெடுவதில்லை. மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் சிறு பலகைதான் கெடுகிறது. ஆனால் திறக்க வழியில்லாமல் ஒட்டப்பட்டிருப்பதால் முழுவதையும் எறிய வேண்டியிருக்கிறது. கடைத்தெருக்களில் சிலர் அதை நெம்பித் திறந்து, கருகிய பொட்டைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றித் தருகிறார்கள். அந்த மேஜைகளின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி ஏற்படுகிறது. ஒட்டி அனுப்பப்பட்டதை ஒரு கை மறுபடி திறக்கிறது. மாற்ற முடியாத பொருளுக்கு நாம் பொறுப்பாளியாகவும் முடியாது. வாங்குபவராகவும் எறிபவராகவும் மட்டுமே மிஞ்சுகிறோம்.

எறிவது என்றதும் கழற்றிய விளக்கின் நினைவு வருகிறது. புதியதை மாட்டியவுடன் நம் கவனம் முடிந்துவிடுகிறது. பழைய டியூப்லைட் குப்பைத்தொட்டியில் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் பாதரசம் இருக்கிறது; உடைத்தால் ஆவியாகும். 2016-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் இவ்வகை விளக்குகளையும் சேர்த்துக்கொண்டன. ஆனால் விதிக்கும் தெருமுனைத் தொட்டிக்கும் இடையே கையுறையில்லாத ஒரு கை இருக்கிறது. அது யாருடைய கை என்று நமக்கு நன்றாகவே தெரியும். தன் விளக்கைத் தானே மாற்றுகிறேன் என்பவரின் ‘தானே’ அந்தத் தொட்டி வரைக்குமாவது போக வேண்டும்.

கோட்டுச்சேரிமேட்டில் அன்றிரவு கூடத்தில் வெளிச்சம் இல்லை. மெயினை நிறுத்திவிட்டு இன்னொரு முறை நான் ஏறியிருக்கலாம். மூடியைக் குறடால் எடுத்துப் புது பல்பையும் மாட்டியிருக்கலாம். விளக்கு எரிந்திருக்கும். அப்புறம் அடுத்த பல்பு போகும். அப்போது ஏறுவது நண்பரின் மகனாக இருக்கலாம். ஈரத் தலையோடு, சுவிட்சை நம்பி. ஒரு விளக்கை எரியவைப்பதும் ஒரு விளக்கை மாற்றுவதும் ஒன்றல்ல என்று அன்று எனக்குப் புரிந்தது. மறுநாள் காலை ஒயர்மேன் ஒருவரை அழைத்து வந்தோம்.

அவர் மெயினை நிறுத்தினார். டெஸ்டரை முதலில் கரண்ட் இருந்த இடத்தில் வைத்துப் பார்த்திருந்ததால், இப்போது அது எரியாததை நம்பினார். பலகையைத் திறந்தார். இரண்டு கம்பிகளும் ஒரே கறுப்பு. பேஸ் கம்பியைக் கண்டுபிடித்து, சுவிட்ச் அதில் வரும்படி மாற்றினார். துருப்பிடித்த ஹோல்டரை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் நிறுத்திவிடும் டிரிப்பர் ஒன்று மெயினில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நண்பர் வந்ததும் பார்ப்போம் என்றார் பெரியவர். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பலகையை மூடப் போனபோது பெரியவர் ‘இருங்க தம்பி’ என்றார். படகில் எண் எழுத வாங்கி மீந்திருந்த சிவப்புப் பெயிண்டைக் கொண்டுவந்தார். பேஸ் எது என்று கேட்டுக்கொண்டு, அந்தக் கம்பியின் முனையருகே ஒரு பொட்டு வைத்தார். பலகையின் உட்புறத்திலும் ஒன்று. ‘பின்னால திறக்கறவன் பார்ப்பான்ல’ என்றார்.

காயும்வரை மூட வேண்டாம் என்று ஒயர்மேன் சொன்னார். மூன்று பேரும் சற்று நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.